நவமணி பூசிய புகையிலை அத்தர்

நவமணிக்கு மூக்கு போய்விட்டது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவள் புருஷன் சோமுதான். கண்டுபிடித்தும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் கெட்டுப்போன மீன் குழம்பை ஒதுக்கிவிட்டுக் கீரையை மட்டும் பிசைந்து சாப்பிட்டார். மறுநாள் ஊசிப்போன தேங்காய்த் துவையல். அதையும் தட்டோரத்தில் தள்ளிவிட்டார். மூன்றாம் நாள்தான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"ஏ நவம், எம்மேல எதும் கோவமா?"

"கோவமா? எதுக்கு?"

"இல்ல, மூணு நாளா கெட்டத எல்லாம் எனக்கே ஊத்திக் குடுக்கிறியே, அதான் கேட்டேன்."

நவமணி சட்டியைத் தூக்கி மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். மண்ணெண்ணெய்ப் போத்தலைத் திறந்தாள். அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அது எண்பத்து மூணாம் வருஷம். கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே வரும் செம்மண் சடக்குப் பாதையில், மூங்கிச்சடக்குத் தோட்டம் என்று எங்கள் சனங்கள் சொல்லும், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில், நவமணி மருந்தடிக்கும் கேங்கில் ஒன்பது வருஷமாக வேலை செய்துகொண்டிருந்தாள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, முதுகில் பம்பை ஏற்றிக்கொண்டு, நிரை நிரையாகப் புல்லுக்கு மருந்தடிக்க வேண்டும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். துண்டு நனைந்தால் பிழிந்துவிட்டு மறுபடியும் கட்டிக்கொள்வார்கள். அவளுக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும். கைவிரல் நகமெல்லாம் வெளுத்து மேலெழும்பி நிற்கும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் சளி என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார். போகப் போக வாசம் வரும் என்றார். போகப் போக வரவில்லை.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று பயம். வெட்கமும்தான். காது கேட்காதவரை, கண் தெரியாதவரை மனுஷர் அனுதாபமாகப் பார்ப்பார்கள். மூக்கு போனவளைப் பார்த்தால் சிரிப்புத்தானே வரும்.

அவள் ஏங்கியது பெரிய பெரிய விஷயங்களுக்கு இல்லை. ஈர மண்ணுக்கு ஏங்கினாள். வறுத்த மல்லிக்கு ஏங்கினாள். செவ்வாய் வெள்ளி மாரியம்மன் கோயிலில் சாம்பிராணி போடும்போது புகை கண்ணுக்குத் தெரிந்தது, கண்ணும் எரிந்தது, வாசம் மட்டும் அவளைத் தாண்டிப் போயிற்று. சாமி எல்லாருக்கும் பிரசாதம் கொடுத்துக்கொண்டே வந்து தன் முன்னால் மட்டும் தட்டை மூடிவிட்டதுபோல அவளுக்கு இருந்தது. இருந்தாலும் சாமியைக் கோபித்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது.

எண்பத்தாறில் அவள் மகள் கலாவதிக்குச் சபாக் பெர்ணாமில் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போன இடத்தில் கலாவதி குழந்தையைத் தூக்கி மடியில் வைத்து, "மோந்து பாரும்மா, தலையில பால் வாசம் எப்பிடி வருதுன்னு" என்றாள். நவமணி முகத்தைக் குழந்தை தலையில் வைத்து நெடுநேரம் மூச்சை இழுத்தாள். மெத்தென்று இருந்தது. சூடாக இருந்தது. "ஆமாம்மா, நல்ல வாசம்" என்று பொய் சொன்னாள். திரும்பி வரும்போது செகிஞ்சான் வயல் முழுக்க அறுப்பு. பஸ் ஜன்னலில் வந்த காற்றையெல்லாம் வாயால் குடித்துக்கொண்டு வந்தாள். சோமு அவளைப் பார்க்காததுபோல வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதற்கு அடுத்த சம்பளத்தன்றுதான் அந்த அத்தர் அவள் கைக்கு வந்தது.

சம்பள நாளில் கோலசிலாங்கூரிலிருந்து மீரா முகைதீன் என்பவர் மோட்டார் சைக்கிளில் தகரப் பெட்டி கட்டிக்கொண்டு வருவார். ஆபீஸ் பக்கத்து மரத்தடியில் கைலி, சோப்பு, பொட்டு, திருநீற்றுப் பொட்டலம் எல்லாம் பரப்புவார். திருநீறு விற்கும் பாய் என்று மற்ற தோட்டங்களில் அவரைக் கேலி செய்வதுண்டு. "வேணுங்கறத வாங்கிட்டு வந்து குடுக்கறவன்தான் வியாபாரி, எனக்கென்ன" என்பார். கூட்டம் கலைந்த பிறகு கடைசியாக ஒரு சின்ன மரப்பெட்டியைத் திறப்பார். அதில் விரல் நீளத்தில் அத்தர் சீசாக்கள் இருக்கும்.

"என்ன தங்கச்சி, அத்தர் பெட்டியவே பாத்துக்கிட்டு நிக்கிற? வீட்ல விசேஷமா?"

"சும்மா பாக்குறேன் பாய்."

"பாக்குறதுக்கு இதுல ஒண்ணுமில்ல. மோந்துதான் பாக்கணும். கைய நீட்டு."

புறங்கையில் கண்ணாடிக் குச்சியால் தேய்த்தார். ரோஜா என்றார். அவள் மோந்துவிட்டு, "நல்லா இருக்கு பாய்" என்றாள். கொஞ்சம் தள்ளி மல்லிகை தேய்த்தார். "நல்லா இருக்கு." மூன்றாவது தேய்த்துவிட்டு, "இந்தச் சந்தனம் எப்பிடி?" என்றார். "ரொம்ப நல்லா இருக்கு பாய்."

பாய் குச்சியைத் துணியில் துடைத்தார்.

"தங்கச்சி, மூணாவது நான் வெறும் குச்சியத்தான் தேச்சேன்."

நவமணி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அவள் நகங்களைப் பார்த்தார்.

"மருந்தடிக்கிற ஆளா?"

"ஆமா பாய்."

"எத்தன வருஷமா இப்பிடி?"

"மூணு."

அவர் பெட்டியைத் தன் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சீசாவாகத் திறந்து அவள் மூக்கடியில் பிடித்தார். கஸ்தூரி, அகில், அம்பர், தாழம்பூ. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றாள். கடைசியில் பெட்டியின் மூலையில் செய்தித்தாளில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்தார். உள்ளே இருந்தது கருப்பட்டிப் பாகு நிறத்தில் இருந்தது.

"இது பொம்பளைங்க பூசறது இல்லலா. ஆம்பளைங்களே யாரும் கேக்கறதில்ல. தஞ்சோங் காராங்ல ஒரு ஹாஜியாரு கேட்டாருன்னு வரவழைச்சேன். இது வந்து சேர்றதுக்குள்ள அவரு மவுத்தாயிட்டாரு. சும்மா பாரு."

மூக்குத் தண்டின் மேலே, புருவத்துக்கு நடுவே, யாரோ விரல் வைத்துத் தட்டியதுபோல இருந்தது. நவமணி மூச்சை விட்டுவிட்டு மறுபடியும் இழுத்தாள். இருந்தது. நிஜமாகவே இருந்தது.

"பாய், இது தெரியுது."

"என்ன தெரியுது? எனக்காகச் சொல்லாத. என்னான்னு சொல்லு."

"கடையில பொகையில சிப்பம் பிரிப்பாங்கள்ல, மொத கட்டு அவுக்குறப்ப வருமே, அது. அதுல யாரோ வெல்லப்பாகு ஊத்தின மாதிரி... காரமும் இருக்கு, இனிப்பும் இருக்கு."

மீரா முகைதீன் வானத்தைப் பார்த்து மெல்ல, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "பொகையிலதான். நீ எடுத்துக்கோ. ஒனக்குன்னுதான் இது வாங்காமக் கெடந்திருக்கு போல."

அன்றைக்கு நவமணி வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கு நடந்து வந்தது எப்படி என்று அவளுக்கே தெரியாது. நாலு அடிக்கு ஒரு தரம் நின்று புறங்கையை மோந்தாள். வீட்டுக்கு வந்ததும் சோமுவிடம் கையை நீட்டினாள். சோமு மோந்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னா இது, ஆபீஸ் கிராணியார் சுருட்டுப் பெட்டியில தலைய வுட்ட மாதிரி இருக்கு?"

"எனக்கு வருதுங்க."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்த பிறகு மறுபடியும் அவள் கையைப் பிடித்து மோந்து பார்த்தார். "அப்பிடிப் பாத்தா நல்ல வாசந்தான்" என்றார்.

அந்த அத்தரை அவள் படித்ததுபோலத் தோட்டத்தில் யாரும் எதையும் படித்திருக்க மாட்டார்கள். காலையில் குளித்துவிட்டு, கழுத்துக் குழியில், துண்டு முடிச்சு விழும் இடத்தில், ஒரே ஒரு சொட்டு. பூசிய உடனே காரமாக இருக்கும், பச்சையாக, தொண்டை வரை எட்டும். பெரட்டு முடிந்து மலைக்கு, அதாவது வேலைக் காட்டுக்கு, ஏறும்போது வியர்வை பட்டு இளகும். அப்போதுதான் இனிப்பு வெளியே வரும். பேரீச்சம்பழத்தின் இனிப்பு, பழைய மரப்பெட்டியின் இனிப்பு. மத்தியானம் இரண்டும் கலந்து ரொட்டி சுடுவதுபோல ஒரு வாசம். சாயங்காலம் நூல் மாதிரி மெலிந்து, தேடினால்தான் அகப்படும். மழை நாளில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வெயில் நாளில் அவளுக்கு இரண்டடி முன்னால் போகும். சுருட்டுப் புகை வேறு, இது வேறு என்று அவளுக்குத் தெரியும். இது நெருப்புப் படாத இலையின் வாசம். ஆனால் தோட்டத்தில் மற்றவர்களுக்குப் புகையிலை என்றால் சுருட்டு, அவ்வளவுதான்.

இந்த ஒரு வாசல் திறந்ததால் இதன் பின்னாலேயே மற்ற வாசங்களும் வந்துவிடும் என்று அவள் நம்பினாள். அத்தர் பூசிக்கொண்டு மல்லிகைச் சரத்தை மோந்தாள், மிளகாய் வறுத்தாள், மாரியம்மன் கோயிலில் சாம்பிராணிச் சட்டிக்கு நேராகப் போய் நின்றாள். வரவில்லை. புகையிலை மட்டும்தான். அதுபோதும் என்று சில நாள் நினைப்பாள். சில நாள் அது இருப்பதாலேயே மற்றதெல்லாம் இல்லாதது இன்னும் அதிகமாகத் தெரியும்.

கேங்கில் யாருக்கும் அவள் சொல்லவில்லை. மருந்து நெடியில் யாருக்கும் எதுவும் பிடிபடவும் இல்லை. ஒருநாள் மட்டும் கேங்கை மேய்க்கும் மண்டோர் தங்கராஜு பக்கத்தில் வந்து நின்று மூக்கை உறிஞ்சினார்.

"யாருலா இங்க சுருட்டு குடிக்கிறது?"

"மண்டோரய்யா, வாயில துண்டக் கட்டிக்கிட்டு சுருட்டு எப்பிடிக் குடிக்கிறது? காதாலயா?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நவமணியும் சிரித்தாள்.

பெரட்டுக்குப் போகும் வழியில், சடக்குத் திருப்பத்தில், முனியாண்டி கோயில் இருந்தது. கோயில் என்றால் தகரக் கூரை, மூன்று கல், ஒரு சூலம். மற்ற சாமிக்குப் பூ வாசம் என்றால் முனியாண்டிக்குச் சுருட்டு வாசம். அவர் நடமாடும் இடத்தில் ஆளில்லாமலே சுருட்டு மணக்கும் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர் இறங்கி வாக்குச் சொல்லி ஆறு வருஷம் ஆகியிருந்தது. சாமியாடும் பூசாரி ஐயாவு தன் மகனோடு ராசா என்ற ஊருக்குக் குடிபோனதிலிருந்து யார் மேலும் அவர் வரவில்லை. நவமணி தினமும் இருட்டு விலகும் முன் அந்த வழியாகப் போவாள். நின்று கும்பிட்டுவிட்டு நடுக்கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில் தாயம்மாளுக்குப் பெரிய சோதனை. தாயம்மாள் பிள்ளைக் கொட்டகையில் ஆயா. தாய்மார் வேலைக்குப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். அஞ்சாம் லயம். அவள் புருஷன் செல்லன் ஸ்டோரில் காவல் பார்க்கும் ஜாகா. சீனி வியாதிக்காரர். காலில் செம்பனை முள் ஏறி, புண்ணாகி, பாதம் கறுத்துவிட்டது. கிள்ளான் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆள் தங்காது என்று சொல்லிவிட்டார்கள். செல்லன் எல்லாவற்றையும் பெண்டாட்டி தலையில் போட்டுவிட்டார். "தாயம்மா என்ன சொல்லுதோ அதான்" என்று படுத்துக்கொண்டார்.

தாயம்மாள் முனியாண்டியிடம் போனாள். ரெண்டு நாள் சாயங்காலம் விளக்கேற்றிக் கேட்டாள். வெட்ட வேண்டாம் என்றால் நீ இங்கே இருக்கிறாய் என்று எனக்குக் காட்டு, நான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து உன் காலடியில் போடுகிறேன். மூன்றாம் நாள் மனசு பொறுக்காமல் விடியுமுன்பே போனாள்.

அன்றைக்கு முந்தின இரவு மழை. நவமணி வழக்கம்போல முன்னே வந்தவள், வழுக்கி விழாமல் இருக்க இரண்டு கையாலும் நடுக்கல்லைப் பிடித்துக் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போயிருந்தாள். அவள் அத்தர் தேய்த்த விரல்.

மத்தியானம் வேலை விட்டு வந்தால் பைப்படியில் கூட்டம். நடுவில் தாயம்மாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ஆளு இல்ல, நெருப்பு இல்ல. குனிஞ்சு கல்லுல தலைய வச்சேன் பாரு, சும்மா குப்புன்னு சுருட்டு வாசம். எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. ஆறு வருஷங் கழிச்சு வந்திருக்காரு. எம் மனுஷனுக்காக வந்திருக்காரு."

"அன்னிக்கு மலையில மண்டோரும் சொன்னாரேக்கா" என்றாள் மருந்தடிக்கும் ஒருத்தி. "சுருட்டு வாசம் வருதுன்னு. நாங்கதான் சிரிச்சுப்புட்டோம்."

மண்டோர் தங்கராஜு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நெசந்தான். எனக்கும் வந்துச்சு."

"நாளைக்குக் காலையில எந் தம்பி வீரன் வேன் கொண்டாறான். போயி அவரக் கூட்டியாந்துருவேன். கத்தி வைக்க வேணாம்னு சாமியே சொல்லிருச்சு."

நவமணி வாளியைக் கீழே வைத்தாள். தண்ணீர் பிடிக்காமலே வீட்டுக்கு நடந்தாள்.

சோமு வாசல்படியில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, பாதி மென்ற பிறகுதான் பேசினார்.

"சாமி வரணும்னு நெனச்சா எது வழியா வரும்னு யாரு கண்டா? ஒன் அத்தர் வழியா வந்திருக்கலாம்ல."

"நானும் அதத்தான் நெனச்சுக்கிட்டு வந்தேன். அப்பிடியே இருந்துரட்டும்னு ஆசையாத்தான் இருக்கு."

"சொன்னா என்னா ஆகும், தெரியுமில்ல?"

தெரியும். தாயம்மாள் அவள் முகத்தில் விழிக்க மாட்டாள். லயமே சிரிக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் பிறகு அந்த அத்தரைப் பூசிக்கொண்டு இந்தத் தோட்டத்தில் எப்படி நடப்பது? உலகத்தில் அவளுக்கென்று இருந்த வாசம் அது ஒன்றுதான். அதையும் சீசாவுக்குள் மூடி வைத்துவிட வேண்டியதுதான். சொல்லாவிட்டால் அது அவளோடு இருக்கும்.

"நீங்க ஞாயித்துக்கெழமை ஆஸ்பத்திரிக்குப் போனீங்களே. செல்லண்ணன் கால பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்பிடி இருந்துச்சு?"

சோமு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "நான் மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் நின்னேன் நவம். மூணாவது கட்டில்காரரு வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாங்க."

நவமணி உள்ளே போய் முகம் கழுவினாள். திருநீறு வைத்துக்கொண்டாள். சீசாவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு முதலில் சடக்குத் திருப்பத்துக்குப் போனாள். பொழுது சாயவில்லை இன்னும். மூன்று கல்லுக்கும் சந்தனம் அப்பி, புது மாலை போட்டிருந்தார்கள். யாரோ ஒரு கட்டுச் சுருட்டு வைத்திருந்தார்கள்.

"ஐயா, நீ வந்திருந்தா எனக்குத் தெரியாது. எனக்குத்தான் மூக்கு இல்லியே. நான் பூசிக்கிட்டு வந்து ஒன் மேல கைய வச்சது தெரியும். தெரிஞ்சத சொல்லப் போறேன். தப்பா இருந்தா என்னையக் கேளு, அவளக் கேக்காத."

தாயம்மாள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். செல்லனின் வேட்டி, சட்டை, போர்வை. நவமணியைப் பார்த்ததும், "வா வா, ஒக்காரு. அவருக்குப் பாய் எந்தப் பக்கம் போடுறதுன்னு பாத்துக்கிட்டிருக்கேன். காத்து வர்ற பக்கம் போட்ருவமா?" என்றாள்.

"அக்கா, அந்த வாசம் என்னோடது."

"எந்த வாசம்?"

"கோயில்ல வந்தது. நான் அத்தர் பூசுறேன். பொகையில அத்தரு. காலையில ஒனக்கு முன்னாடி நான்தான் அந்தக் கல்லத் தொட்டேன்."

தாயம்மாள் சிரித்தாள். "ஒனக்கு என்னாடி வந்துச்சு? பொம்பள எவளாச்சும் பொகையிலையப் பூசுவாளா? சாமி ஒம்மேல வந்திருக்குன்னு சொல்லு, ஒத்துக்கிறேன். கும்புடுறேன்."

உண்மையிலேயே அவள் கையெடுத்துக் கும்பிடப் போனாள். நவமணி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். சீசாவைத் திறந்து தாயம்மாளின் புறங்கையில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தாள்.

தாயம்மாள் கையை மூக்குக்குக் கொண்டுபோனாள். அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ கோழிகளைக் கூட்டுக்குள் விரட்டிக்கொண்டிருந்தார்கள். தாயம்மாளின் முகத்திலிருந்து வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போவதை நவமணி பார்க்க வேண்டியிருந்தது.

"ஒனக்கு வேற வாசமே கெடைக்கலியாடி?"

"கெடைக்கலக்கா."

பிறகு மூன்று வருஷக் கதையை நாலு வார்த்தையில் சொன்னாள். குழந்தையின் தலையைப் பற்றியும் சொன்னாள். தாயம்மாள் கேட்டாளா என்று தெரியவில்லை. மடித்து வைத்த வேட்டியைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"அக்கா, அந்தக் காலு..."

"போ."

"நான் என்ன சொல்றேன்னா..."

"போன்னு சொல்றேன்ல."

நவமணி படியிறங்கி லயத்துக் கோடி வரை வருமுன் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. தாயம்மாள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். மறுபடியும் மறுபடியும் ஊற்றினாள்.

மறுநாள் காலையில் வேன் போயிற்று. நவமணி அத்தர் பூசாமல் வேலைக்குப் போனாள். அந்த ஒரு நாள் முழுக்க உலகம் ருசியில்லாத வெந்நீர் போல இருந்தது. சாயங்காலம் வேன் திரும்பி வந்தபோது உள்ளே வீரன் மட்டும் இருந்தான். பைப்படியில் நின்றவர்கள் கேட்டதற்கு, "அக்கா கைநாட்டு வச்சுட்டாங்க. நாளைக்குக் காலையில எடுக்குறாங்க" என்றான். "சாமி சொல்லுச்சே?" என்று ஒருத்தி கேட்டாள். "அக்காவே சாமிகிட்ட உத்தரவு கேட்டுக்கிட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டு வேனைக் கழுவப் போய்விட்டான்.

செல்லன் பிழைத்தார். ஒன்றரை மாசம் கழித்துக் கக்கத்தில் கட்டை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பார்க்க வந்த சோமுவிடம், "இந்தா, ஒரு கால் செருப்பு புதுசாக் கெடக்கு. எடுத்துக்கிறியா? ஒனக்கு ரெண்டும் எடது காலு மாதிரிதானே நடக்குற" என்றார். வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தாயம்மாள் உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தாள். நவமணிக்கும் கொடுத்தாள். பேசவில்லை.

அத்தர் விஷயத்தைத் தாயம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் முனியாண்டி வந்தார் என்ற பேச்சு தோட்டத்தில் அப்படியே இருந்தது. மண்டோர் தங்கராஜு தன் செலவில் கூரைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். உள்ளது தெரிந்தவர்கள் இரண்டு பொம்பளைகளும் சோமுவும்தான். இரண்டு பொம்பளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

சீசா துணி சுற்றி இரும்புப் பெட்டியில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோமு தூங்கும்போது, நவமணி அதை எடுப்பாள். மூடியைத் திறந்து ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சில் காரம் மட்டும்தான் வரும். வியர்வையோடு நடந்தால் வருமே, அந்த இனிப்பு வராது. அது உடம்பில் பூசி, ஒரு பொழுது வாழ்ந்தால்தான் வரும். மூடி வைத்துவிடுவாள். சபாக் பெர்ணாமுக்குப் போகும் நாளில் மட்டும், பஸ் ஏறிய பிறகு, கழுத்துக் குழியில் ஒரு சொட்டு. அங்கே குழந்தை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்து அவளை மோந்து பார்க்கும். கலாவதி, "பாட்டி மேல என்னமோ கடை வாசம்டி" என்று குழந்தையிடம் சொல்லுவாள்.

தாயம்மாள் தினமும் விடியுமுன் முனியாண்டி கோயிலுக்கு வர ஆரம்பித்திருந்தாள். நவமணி தூரத்திலிருந்தே பார்ப்பாள். கும்பிட்டு முடித்த பிறகும் தாயம்மாள் போக மாட்டாள். கல்லில் தலையை வைத்து, மூச்சை இழுத்து இழுத்துப் பார்ப்பாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிள்ளைக் கொட்டகைக்குப் போவாள். விரல் நுனியில் ஒரு சொட்டு வைத்து அந்தக் கல்லைத் தொட்டால் போதும் என்று நவமணிக்குத் தெரியும். அந்த நினைப்பு வரும் நாளில் கையை இறுக மூடிக்கொண்டு சுற்று வழியாகப் பெரட்டுக்குப் போய்விடுவாள்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். சுற்று வழியில் தண்ணீர் நின்றதால் நேர் வழியே வந்தாள். தாயம்மாள் கல்லை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். நவமணியின் காலடி கேட்டுத் திரும்பினாள்.

"நவம்."

இரண்டு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது அந்த வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து.

"என்னக்கா."

"இன்னிக்குப் பூசியிருக்கியா?"

"இல்லக்கா. அன்னிலேருந்து இந்தப் பக்கம் பூசிக்கிட்டு வர்றதில்ல."

"நேத்து?"

"நேத்தும் இல்ல. முனியாண்டி மேல ஆணையா இல்லக்கா."

தாயம்மாள் அவள் கழுத்துக்குக் கிட்டே வந்து மோந்து பார்த்தாள். கையை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு கல் பக்கம் திரும்பினாள்.

"அப்ப இந்தச் சுருட்டு வாசம்? ஒனக்கு வரலியா?"

நவமணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லுக்கு முன்னால் போய் மண்டியிட்டாள். கண்ணை மூடி, நெஞ்சு வலிக்கும் வரை மூச்சை இழுத்தாள். வாடிய மாலை கன்னத்தில் பட்டது. கல் ஜில்லென்று இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பக்கத்தில் நிற்கிறவளுக்கு எவ்வளவு நிறைவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"எனக்கு வரலக்கா."

தாயம்மாள் குனிந்து நவமணியின் தோளைப் பிடித்தாள். பிடித்த கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு குழந்தைகள் வந்துவிடுவார்கள் என்று முனகிக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

பெரட்டு மணி அடித்தது. மண்டோர் தங்கராஜு பெயர் கூப்பிட ஆரம்பித்திருப்பார். நவமணி கழுத்திலிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னொரு தரம் மூச்சை இழுத்தாள். இரண்டாம் மணியும் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.